உயரத்துக்குப் பயந்த நிஞ்ஜா

கன்பேயை இனுயி சயோகோ முதன்முதலாகப் பார்த்தது தன் படக்கதையிலிருந்து எடுத்த அனிமே கார்ட்டூனில்தான். தொலைக்காட்சிக்குப் போகும் முன் ஒவ்வொரு வாரப் பகுதியையும் ஒகிகுபோவிலிருந்த ஸ்டுடியோவில் அவளுக்காகப் போட்டுக் காட்டுவார்கள். பெரும்பாலும் வேலை இருக்கிறது என்று சொல்லித் தட்டிக் கழித்துவிடுவாள். அன்று என்னவோ போயிருந்தாள். திரையில் நிரே குலத்து நிஞ்ஜாக்கள் கறுப்பு முகமூடியோடு மரத்துக்கு மரம் தாவிப் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லோரும் போன பிறகு ஒருவன் மட்டும் தரையில் மூச்சிரைக்க ஓடி வந்தான். நடு வயதுக்காரன், லேசாகத் தொப்பை வேறு. முகமூடி இல்லை. நீ ஏன் மேலே வரவில்லை என்று தலைவன் உறுமியதற்கு, தனக்கு உயரம் என்றால் ஆகாது என்று கூச்சத்தோடு சொன்னான்.

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சயோகோவுக்குக் காது மடல் சுட்டது. பதினோரு வருஷமாக வார இதழில் அவள் வரைந்துவரும் ‘இரு மலைகளின் பகை’யில் இப்படி ஒருவன் கிடையாது.

விளக்கைப் போட்டதும் இயக்குநர் குரேசவா எழுந்து நின்றான். நெடுநெடுவென்று வளர்ந்தவன், சயோகோவின் முன்னால் நிற்கும்போதெல்லாம் கொஞ்சம் குனிந்தே நிற்பான். அந்தக் குனிவில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று அவளால் ஒருபோதும் பிரிக்க முடிந்ததில்லை. ஒரு காலத்தில் அவன் அவளிடம் உதவியாளனாக இருந்தவன். கதையில் வரும் காடு, கூரை, மலைப்பாதை எல்லாம் அவன் பொறுப்பு. அவன் வரைந்த மரங்களின் மேல் வெள்ளை மை பூசிவிட்டு அவளே மறுபடி வரைவாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவன் ஒருநாள், “உங்க மரத்துல காத்தே அடிக்க மாட்டேங்குது, சென்செய்” என்று, குருவைக் கூப்பிடும் மரியாதையோடே சொல்லிப் பேனாவை வைத்துவிட்டுப் போனான். பிறகு அனிமேக்காரர்கள் அவனை இயக்குநராகப் போடட்டுமா என்று கேட்டபோது அவள் மறுக்கவில்லை. நம்மிடம் கை கட்டி நின்றவன்தானே, சொன்னதைச் செய்வான் என்று நினைத்தாள்.

“இவன் யாரு?” என்றாள்.

“கன்பே, சென்செய். இதழ்ல வந்திருக்கிற உங்க கதையைத் தாண்டி நாங்க ஓடிரக் கூடாதுல்ல. நடுவுல ரெண்டு மூணு வாரம் நிரப்ப வேண்டியிருந்துச்சு.”

“நிரப்பறதுக்கு வைக்கோல் போதுமே. மனுஷன் எதுக்கு?”

“வைக்கோல்தான் ஏற்கெனவே கதையில நிறைய இருக்கே,” என்றான் குரேசவா, குனிந்தபடியே.

யாரும் சிரிக்கவில்லை. சயோகோ பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். ரயிலில் வீடு போய்ச் சேரும்வரை, அந்த இடத்தில் தான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே போனாள். ஒன்றும் அகப்படவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ரெண்டு மூணு வாரம் என்றவன் கன்பேயை விடுவதாக இல்லை. விடவும் முடியாமல் போனது. பிள்ளைகளுக்கு அவனைப் பிடித்துவிட்டது. அவர்களைவிட அவர்களுடைய அம்மாக்களுக்குப் பிடித்துவிட்டது. சுவரேற வேண்டிய இடத்தில் கன்பே கதவைத் தட்டிக் காவல்காரனோடு பேச்சுக் கொடுத்து உள்ளே போவான். சண்டை என்று வந்தால் முதலில் ஓடுவான். யாராவது கீழே விழுந்து கிடந்தால் திரும்பி வந்து தூக்கிக்கொண்டு ஓடுவான். முக்குக் கடைகளில் கன்பே படம் போட்ட சோற்றுருண்டை வந்தது. பள்ளிக்கூடப் பைகளில் கன்பே பொம்மை தொங்கியது. இதழில் வாசகர்களிடம் வாக்கு கேட்டபோது, நிரேயின் எதிரிகளான கட்சுரா குலத்தின் நாயகி நகி நாலாம் இடத்துக்கு இறங்கியிருந்தாள். விஷத்தை நாக்கில் வைத்தே பேர் சொல்லும் பெண், பதினோரு வருஷமாக முதலிடத்தில் இருந்தவள். முதலிடத்தில், படக்கதையில் காலடி வைக்காத கன்பே.

இதழின் சார்பில் சயோகோவைக் கவனித்துக்கொள்பவர் முகாய். நல்ல மனிதர். சண்டை என்றால் வயிற்றைப் பிடித்துக்கொள்வார். அவர் ஒரு பெட்டி நிறைய இனிப்போடு வந்து உட்கார்ந்து, வானிலையைப் பற்றியெல்லாம் பேசிவிட்டு, கன்பேயைப் படக்கதைக்குள்ளும் கொஞ்சம் கூட்டிவந்தால் என்ன என்று கேட்டார். மேலிடத்தில் ஆசைப்படுகிறார்களாம். ஒரு மாதமாக வெவ்வேறு இனிப்போடு வந்து இதையே கேட்டார். கடைசியில் ஒருநாள் சயோகோ, சரி, வரைகிறேன் என்று மிருதுவாகச் சொன்னாள். அந்த மிருதுவைக் கேட்டதுமே முகாய் சுதாரித்திருக்க வேண்டும். அவருக்கோ தலைமேலிருந்து மலை இறங்கிய நிம்மதி. இனிப்பைப் பாதிப் பெட்டி அவரே சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ஐந்து வாரம் அவள் கன்பேயைப் பார்த்துப் பார்த்து வரைந்தாள். தொப்பையின் மடிப்பு, மேலே அண்ணாந்தால் வரும் உதடு நடுக்கம் எதையும் விடவில்லை. ஆறாம் வாரம் அவனைக் கொன்றாள்.

சண்டையில் கொல்லவில்லை. நிரே கிராமத்தின் ஓரத்தில் ஒரு கழிப்பிடம். அதன் வைக்கோல் கூரை ஆளுயரம்கூட இல்லை. எதற்கென்று தெரியாமல் கன்பே அதன்மேல் ஏறியிருக்கிறான். கை நழுவுகிறது. கூரை உடைந்து, கீழே இருந்த குழியில் தலைகுப்புற விழுகிறான். அடுத்த பக்கத்தில் முகமூடி போட்ட நிரே ஆட்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவன் தோளைக் குலுக்கிச் சிரிக்கிறான். அதோடு கன்பே கதை முடிந்தது. இந்தப் பக்கங்களுக்கு மை போடும்போது அவளுடைய மூத்த உதவியாளர் மிசுஹோ பேனாவை நிறுத்தி, இப்படியேவா போகிறது என்று கேட்டாள். இப்படியேதான் என்றாள் சயோகோ.

இதழ் கடைக்கு வந்த அன்று மதியத்துக்குள் பதிப்பகத்துத் தொலைபேசி ஓயவில்லை. வசவுக் கடிதங்கள் மூட்டையில் வந்தன. சிலர் உறைக்குள் ஊதுவத்தி வைத்து அனுப்பியிருந்தார்கள். பதிப்பக வாசலில், சாவுக்கு வைக்கும் வெள்ளைச் சாமந்தி குவிந்தது. ஒரு பெண், தன் மகள் சோறு தின்ன மறுக்கிறாள், நீங்களே வந்து ஊட்டிவிட்டுப் போங்கள் என்று எழுதியிருந்தாள். சயோகோ எல்லாவற்றையும் படித்தாள். படிக்கப் படிக்க அவளுக்குப் பசி எடுத்தது. பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

குரேசவா சத்தம் போடவில்லை. ஒரு சினிமா இதழுக்குக் கொடுத்த பேட்டியில் மட்டும், சென்செய்க்கு உயரமான ஆட்களைப் பிடிக்காது என்பது தனக்கு முன்பே தெரியும், உயரத்துக்குப் பயப்படுகிறவர்களையும் பிடிக்காது என்று இப்போதுதான் தெரிந்துகொண்டதாகச் சொல்லியிருந்தான். அதோடு, அடுத்து வரப்போகும் திரைப்படத்தில் கன்பே உயிரோடு இருப்பான் என்றும்.

திரைக்கதை அவள் கைக்கு வந்தது. கதை முழுக்க நிரே பக்கமிருந்து நடந்தது. கட்சுரா ஆட்கள் மலைக்கு அந்தப் பக்கமிருந்து வரும் நிழல்கள். நகி முக்கால்வாசிப் படத்தில் இல்லவே இல்லை; வரும்போதும் காயம்பட்டு மயங்கிக் கிடக்கிறாள். அவளை முதுகில் சுமந்து காப்பாற்றுகிறவன் கன்பே. திரைப்படத்துக்கு மூல ஆசிரியையின் சம்மதம் வேண்டும் என்பது ஒப்பந்தம். சயோகோ நல்ல கிமோனோவை எடுத்து உடுத்திக்கொண்டு ஜிம்போச்சோவில் இருந்த பதிப்பகத்துக்குப் போனாள்.

நீள மேஜைக்கு அந்தப் பக்கம் குரேசவா, இந்தப் பக்கம் அவள். நடுவில் முகாயும் படக் கம்பெனி ஆட்களும் தேநீரைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் சுற்றி வளைக்கவில்லை. செத்தவன் செத்தவன்தான், அவனை எடுத்துவிட்டு நகியை நடுவில் வைத்தால் கையெழுத்துப் போடுவேன், இல்லாவிட்டால் படம் கிடையாது என்றாள். கம்பெனி ஆட்களில் ஒருவர், கன்பே இல்லாமல் சுவரொட்டியே அடிக்க முடியாது என்று இழுத்தார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

“குரேசவா குன்,” என்றாள். இயக்குநராகிவிட்ட ஒருவனைச் சபையில் வைத்து, எடுபிடியைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டதில் முகாய்க்கு வேர்த்துவிட்டது. “உன் ஆளை எடுத்துட்டுப் போயி நீயே ஒரு கதை எழுது. என் வீட்டுல ஏன் குடி வைக்கிற?”

“இடம் காலியா இருந்துச்சு சென்செய், அதான் வச்சேன்.”

“என்ன காலி?”

“நிரே குலத்துல ஆளே இல்லையே. இருபத்தி மூணு புத்தகம் வந்தாச்சு, அதுல ஒரு நிரேக்காரனுக்காவது மூஞ்சி இருக்கா?”

“நிஞ்ஜான்னா முகமூடிதான் போடுவான். மூஞ்சி வேணும்னா குடும்பக் கதை எடு.”

“கட்சுரா ஆளுங்க முகமூடி மட்டும் எப்பப் பார்த்தாலும் கழண்டு விழுதே. மழை பெஞ்சா கழளுது, காதல் வந்தா கழளுது, சாகும்போது கட்டாயம் கழளுது. நிரேக்காரன் எத்தனை பேர் செத்தான், ஒருத்தனுக்காவது கழண்டுச்சா? அவங்க நிக்கிற மரத்தையெல்லாம் நாலு வருஷம் நான்தான் வரைஞ்சேன். யாரு நிக்கிறாங்கன்னு எனக்கே தெரியாது. ஒருத்தனுக்கு மூஞ்சி வச்சேன். அவனையும் பீக்குழியில தள்ளிட்டீங்க.”

அந்த வார்த்தை அந்த அறையில் அதற்கு முன் ஒலித்திருக்காது. சயோகோ தேநீர்க் கோப்பையை நகர்த்தி வைத்தாள். அவன் சொன்னது பொய் என்று சொல்ல வாயெடுத்தாள். நினைவில் புத்தகம் புத்தகமாகப் புரட்டிப் பார்த்தாள். கறுப்புத் துணிகளும் கண் இடுக்குகளும்தான் வந்தன. அதனால் அதைப் பற்றிப் பேசாமல், சம்மதம் கிடையாது என்று மட்டும் சொல்லி எழுந்தாள்.

படம் நின்றது. ஆறு மாதமாக அதில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வேறு ஸ்டுடியோக்களுக்குச் சிதறினார்கள். குரேசவா தொலைக்காட்சித் தொடரிலிருந்தும் விலகிவிட்டான். முகாய் இதையெல்லாம் தரையைப் பார்த்தபடி சொன்னார். ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பில் சயோகோ இரண்டு நாள் திளைத்தாள். மூன்றாம் நாள் அடுத்த இதழுக்கான பக்கங்களை முடித்தாக வேண்டியிருந்தது.

கட்சுரா குலம் நிரே கிராமத்தைச் சூழ்வதுதான் அந்த வாரக் கதை. முன்வரைவு எப்போதோ தயார். கூட்டமாக நிற்கும் நிரே ஆட்களை வரைவது மிசுஹோவின் வேலை. ஒரு தலை, ஒரு துணி, ஒரு இடுக்கு என்று முத்திரை குத்துவதுபோல அவள் போட்டுக்கொண்டே போனாள். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த சயோகோ அந்தத் தாளை உருவி எடுத்துக்கொண்டாள்.

தனக்கு முகம் வரையத் தெரியாது என்று அவன் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டான் என்பதே அவளுக்குத் திரும்பத் திரும்ப வந்தது. அவன் அப்படிச் சொல்லவில்லை; அவளுக்கு அப்படித்தான் கேட்டது. மூஞ்சிதானே வேண்டும், பார்த்துக்கொள் என்று ஆரம்பித்தாள். முதலில் ஒரு துணி துவைக்கிறவள் வந்தாள், ஈரக் கையால் நெற்றி முடியை ஒதுக்கியபடி. அடுத்து அவள் புருஷன். மனைவியிடம் திட்டு வாங்கியே பழகிய கண்கள். அவனுடைய தம்பி, அண்ணனைப் போலவே கோணல் மூக்கு, ஆனால் அதில் அவனுக்குப் பெருமை. ஒருவரை வரைந்தால் அவருக்குப் பக்கத்தில் நிற்கிறவர் யார் என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. கோபம் எந்த இடத்தில் தீர்ந்தது என்று அவளுக்குத் தெரியாது. தீர்ந்த பிறகும் கை ஓடிக்கொண்டிருந்தது. அந்த வார இதழ் அவள் கதை இல்லாமல் போனது. பதினோரு வருஷத்தில் அப்படி நடந்ததே இல்லை. முகாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். உள்ளே விடாமல் அனுப்பினாள்.

அத்தனை பேரும் எதற்காகக் கூடியிருக்கிறார்கள் என்று ஒரு கட்டத்தில் யோசித்தாள். கிராமம் முழுக்க முகமூடியைக் கழற்றிவிட்டு ஒரே இடத்தில் நிற்க வேண்டுமென்றால், அது ஒரு சாவு வீடாகத்தான் இருக்க முடியும். கன்பேயை எரிக்கத் தூக்கி வருவதாக வரைந்தாள். குளிப்பாட்டிக் கிடத்தியிருக்கிறார்கள். துவைக்கிறவள் அவன் கையை விரித்துப் பார்க்கிறாள். உள்ளங்கை இரண்டும் வெந்திருக்கின்றன. கழிப்பிடக் கூரையில் கட்சுராவின் தீயம்பு ஒன்று தைத்திருந்ததையும், ஊரே தூங்கும்போது அதைப் பிடுங்கி எறிய அவன் ஏறியதையும், கூரையைப் போய்ப் பார்த்து வந்த ஒரு கிழவன் சொல்கிறான். அந்தக் கூரை பற்றியிருந்தால் அடுத்தது தானியக் கொட்டில், அதற்கடுத்தது ஊர்.

அந்தப் பக்கங்கள் இதழில் வந்ததும், சாமந்தி வைத்தவர்கள் அழுது கடிதம் எழுதினார்கள். பதிப்பகத்துக்கு அச்சடித்து மாளவில்லை. முகாய் இனிப்பு எதுவும் இல்லாமல் ஓடி வந்தார். படக் கம்பெனி மறுபடி பேசத் தயார், இந்த அத்தியாயத்தையே முடிவாக வைத்துக் குரேசவா எடுக்கட்டும், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். சயோகோ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, எடுக்கட்டும் என்றாள். அந்த மகிழ்ச்சியில் முகாய் அங்கேயே, அவள் மேஜையில் வைத்தே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவனுக்குப் போன் போட்டார். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று சொல்ல மறந்துவிட்டார்.

குரேசவா முழுவதையும் கேட்டுக்கொண்டான். பிறகு, தான் எடுக்கப்போவதில்லை என்றான்.

“ஏங்க, அழகா முடிச்சிருக்காங்களே, பார்த்தீங்களா?” என்றார் முகாய்.

“பார்த்தேன். மூஞ்சியெல்லாம் நல்லாயிருக்கு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா கன்பே போயிட்டான் முகாய் சான். நான் பண்ணினவன் பயந்தாங்கொள்ளி, ஆனா உயிரோட இருந்தான். அந்தம்மா அவனை வீரனாக்கிக் கொன்னுட்டாங்க. வீரனாக்கிக் கொல்றதுக்கு என்ன பெரிய வித்தை வேணும்? யாரு வேணா கொல்லலாம். முதல் தடவை கொன்னது கோவத்துல, அதையாவது மன்னிக்கலாம்.”

முகாய் அவசரமாகப் போனை அணைத்து, அவன் ஏதோ தூக்கக் கலக்கத்தில் பேசுகிறான் என்றார். வெளியே நல்ல வெயில். மிசுஹோ தலையைத் தூக்காமல் அழிப்பானைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சயோகோ யாரையும் திட்டவில்லை. தான் திட்டுவாள் என்று இருவரும் காத்திருப்பது அவளுக்குத் தெரிந்தது.

படத்தை வேறு ஒருவர் எடுத்தார். பணிவான மனிதர், ஒவ்வொரு காட்சிக்கும் சயோகோவிடம் கேட்டுக்கொண்டார். வெளியான வாரம் அவள் ஷின்ஜுகுவில் ஒரு பகல் காட்சிக்கு டிக்கெட் எடுத்து, யாருக்கும் சொல்லாமல் போய் உட்கார்ந்தாள். கன்பே கூரையில் ஏறினான், இசை உயர்ந்தது, சுற்றிலும் மூக்கை உறிஞ்சினார்கள். நிரே மக்கள் திரை நிறைய நின்றார்கள். எல்லோருக்கும் பெரிய கண், எல்லோருக்கும் ஒரே கண்ணீர். கோணல் மூக்கை நேராக்கியிருந்தார்கள். கன்பேயின் தொப்பையைக் குறைத்திருந்தார்கள். கூரையில் நின்றவன் கால் நடுங்கவே இல்லை. பயமே இல்லாதவன் ஏறினால் அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. பாதியில் எழுந்து, அழுகிறவர்களின் முழங்கால்களைத் தாண்டி வெளியே வந்தாள்.

நிலைய வாசலில் நின்று முகாயிடம் குரேசவாவின் எண்ணைக் கேட்டு வாங்கினாள். ஏன் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அவள் அடித்ததும் அவன் போனை எடுத்தான். தான் யார் என்று சொல்லிவிட்டு, படத்தைப் பார்த்ததாகச் சொன்னாள். தானும் பார்த்ததாகச் சொன்னான். அதற்கு மேல் படத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை.

“நீயா இருந்தா அவனை எப்படி உயிரோட வச்சிருப்ப?” என்று கேட்டாள்.

“அதை நான் ஏன் உங்களுக்குச் சொல்லணும்?”

“சும்மா, தெரிஞ்சுக்கத்தான்.”

“தெரிஞ்சுக்க வேண்டியது அவன் உயிரோட இருந்தப்போ, சென்செய். இப்போ தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க?” என்றான். அவள் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டான்.

அவளுக்கு மறுபடி காது சுட்டது. வழியில் கடந்துபோன அத்தனை பேர் மேலும் எரிச்சல் வந்தது. அவனை வேலைக்கு வைத்ததே தப்பு, அனிமேக்கு ஒப்புக்கொண்டதும் தப்பு என்று முனகியபடி வீட்டுக்கு வந்தாள். மறுபடி அவனைக் கூப்பிடவில்லை. பிறகு எப்போதும் கூப்பிடவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் கடைசிப் போரை வரைந்தாள். நிரே குலம் முற்றிலும் அழிகிறது என்பது முதல் அத்தியாயத்திலேயே முடிவான விஷயம். அதை மாற்றவில்லை. ஆனால் ஒருவரையும் முகமூடியோடு சாகவிடவில்லை; உதவியாளர்கள் யாரையும் அந்த முகங்களைத் தொடவும் விடவில்லை. கோணல் மூக்குத் தம்பியின் சாவை வரைந்து முடித்த அன்று மிசுஹோவிடம் காரணமில்லாமல் சண்டை போட்டு அழவைத்தாள்.

கிராமம் எரியும் பக்கத்துக்கு வந்தபோது முன்வரைவில் இல்லாத ஒரு பெண்ணை வரைந்தாள். மற்றவர்கள் வாளை எடுக்கும்போது அவள் தினை சேமிக்கும் குழிக்குள் இறங்கி, தலைக்குமேல் தினையை வாரிப் போட்டுக்கொண்டு, காதைப் பொத்திக்கொள்கிறாள். மேலே எல்லாம் முடிகிறது. அவள் வெளியே வரவில்லை. வாசகர்கள் மறந்துபோகும் அளவுக்குப் பக்கங்கள் கழித்து, வேறு ஊரில், நரைத்த தலையோடு ஒருத்தி சந்தையில் முள்ளங்கிக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறாள்.

முகாய் அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். இவள் யார், பேர்கூட இல்லையே, இவளால் போரில் ஒரு பிரயோஜனமும் இல்லையே, கடைசிப் புத்தகத்தில் ஒரு முழுப் பக்கத்தை முள்ளங்கிக்குக் கொடுப்பானேன் என்றார்.

“அவ பொழச்சுட்டா. அவ்வளவுதான். பக்கத்தை எடுக்கணும்னா வேற ஆளைப் பார்த்துக்குங்க,” என்றாள் சயோகோ.

அவர் பக்கத்தைக் கவனமாக உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். அவள் பேனா முனையைக் கழற்றிக் கழுவிவிட்டு, மிசுஹோவை அழைத்து, நகியின் அடுத்த பக்கத்துக்கு மரங்களை வரையச் சொன்னாள்.